கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிய எஸ்எம்எஸ் கடைமடைக்கு வந்து சேரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், எல்லாம் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிற வருஷம் என்றால் அடுத்த சில நாளில் கல்லணை. அதற்குள் வாய்க்கால் சங்கத்துக்காரர், விதைக்கடைக்காரர், அறுவடை மிஷின் ஏஜென்ட் என்று ஒவ்வொருவராக வந்துவிடுவார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்புனேன், போகலை." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதியது இது.

கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு எஸ்எம்எஸ் போகுமா? அது போனுக்குப் போன்தானே?

உலகத்தின் முதல் எஸ்எம்எஸ்ஸே கம்ப்யூட்டரிலிருந்து போனதுதான். 1992 டிசம்பர் 3, இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இன்ஜினியர் ஒரு கம்ப்யூட்டரில் "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று தட்டி வோடஃபோன் அதிகாரி ஒருவரின் போனுக்கு அனுப்பினார். வாங்கிய போனிலிருந்து பதில் அனுப்ப வழியில்லை. ஆக, கம்ப்யூட்டர்தான் இந்த வேலைக்கு மூத்தது.

எல்லாரிடமும்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே, இந்தக் கஷ்டம் எதற்கு?

எல்லாரிடமும் இல்லை. வரப்பில் நிற்கிறவர் இடுப்பில் இன்னும் பட்டன் போன்தான். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்றால் உங்கள் நம்பரை அவர் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த வம்பு கிடையாது. நெட் இல்லாத இடத்திலும், ஒரு கோடு சிக்னல் இருந்தால் வந்துவிடும்.

போகவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

கம்ப்யூட்டரைப் பார்க்காதீர்கள். அதே சிம்மிலிருந்து, போனிலேயே கையால் "சோதனை" என்று தட்டி உங்கள் வீட்டு இன்னொரு நம்பருக்கு அனுப்புங்கள். அது போகவில்லை என்றால் கம்ப்யூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இதைத் தண்ணீர் வருகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற செயலி, அதோடு சேர்ந்த போன் அல்லது டாங்கிள் (சிம் போட்டு யுஎஸ்பியில் செருகுகிற குச்சி), சிம்மும் அதன் ப்ளானும், கம்பெனியின் மெசேஜ் சென்டர், கடைசியாக வாங்குகிறவர் போன். தலைமடையிலிருந்து கடைமடை வரை இந்த ஐந்து இடம். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையால் அனுப்பினது போய், கம்ப்யூட்டரில் போகவில்லை என்றால் கோளாறு முதல் இரண்டில். கையால் அனுப்பினதே போகவில்லை என்றால் மூன்றாவதில் அல்லது நான்காவதில். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் ஐந்தாவதில்.

கையால் அனுப்பினதும் போகாதவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் ப்ளான்தான். மலிவான ரீசார்ஜ் சிலவற்றில் வெளியே போகிற எஸ்எம்எஸ்ஸே கிடையாது. போன் பேச முடிகிறது, நெட் வருகிறது, அதனால் இதுவும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்புறம், சிம் தொலைந்து அதே நம்பருக்குப் புது சிம் வாங்கியிருந்தால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க அரசு போட்ட விதி. மறுநாள் தானாகச் சரியாகும்.

எங்கள் வாய்க்காலில் 85 பேர். முதல் 33 பேருக்குப் போனது, மீதிக்கு "அனுப்ப முடியவில்லை" என்று வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வியோடு ஒரு பெரியவர் இரண்டு நாள் நடந்தார். மறுநாள் காலை மறுபடி அனுப்பினோம், மறுபடியும் 33. அந்த 33-தான் குட்டை உடைத்தது.

பெரும்பாலான ப்ளான்களில் நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ். அவர் எழுதியதோ முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாள், மதகு, யார் யாருக்கு எப்போது என்று நீளமான தமிழ் மெசேஜ். நம் கண்ணுக்கு அது ஒன்று. கம்பெனிக் கணக்கில் அது 3 துண்டு. 33 பேருக்கு 99 ஆயிற்று, 34-ஆவது ஆளுக்கு ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அத்தோடு மதகை இறக்கிவிட்டது.

மெசேஜை ஒரே துண்டுக்குள் சுருக்கினோம். 85 பேருக்கும் போய், 15 மிச்சம் இருந்தது.

தமிழ் மெசேஜ் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துண்டாகிறது?

எஸ்எம்எஸ் ஒன்றுக்குள் 140 பைட் இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து பிடிக்கிறது. தமிழுக்கு யூனிகோடு என்கிற பொது எழுத்து முறை, அதில் ஒவ்வொரு குறிக்கும் 2 பைட். ஆகவே 70. அதுவும் நீளமாகிப் பல துண்டானால், துண்டுகளைத் திரும்பச் சேர்க்க ஒரு சின்னத் தலைப்பு உள்ளே போகிறது. அப்போது துண்டுக்கு 67 (ஆங்கிலம் என்றால் 153).

இதில் இன்னொரு சூட்சுமம். 70 என்பது நம் எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி தனிக்குறி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனிக்குறி. "கி" என்றால் க ஒன்று, அதன் மேல் விசிறி ஒன்று, ஆக 2. "ஸ்ரீ" என்று போட்டால் 4.

எண்ணிப் பார்க்கலாம்: "நாளை காலை 6 மணிக்கு தண்ணீர் திறப்பு". கண்ணால் எண்ணினால், இடைவெளியும் சேர்த்து 22. போன் எண்ணுவது 35. சரியாகப் பாதி மெசேஜ் காலி. வல்லினம் மிகும் என்று "மணிக்குத்" போட்டால் இன்னும் 2 கூடும். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், எஸ்எம்எஸ்ஸில் நான் அந்த ஒற்றைப் போடச் சொல்வதில்லை. "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு" என்கிற ஆரம்பத்தையும் வெட்டச் சொல்வேன். அதிலேயே முக்கால் துண்டுக்கு மேல் போய்விடும்.

ஆங்கிலத்தில்தான் எழுதினேன், அதுவும் 70-லேயே துண்டாகிறதே?

வேர்டில் தட்டி ஒட்டியிருப்பீர்கள். வேர்டு நேர் மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும், சின்னக் கோட்டை நீளக் கோடாக்கிவிடும். அப்படி ஒரே ஒரு குறி உள்ளே இருந்தாலும் மொத்த மெசேஜும் யூனிகோடுக்குப் போய்விடும். ரூபாய்க் குறியும், கும்பிடுகிற கை படமும் அதே வேலையைச் செய்யும். நோட்பேடில் ஒட்டி, அந்தக் குறிகளைக் கையால் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

தமிழில் அனுப்பினேன். அவர்களுக்கு ஏதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்திருக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, பாமினி. இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸை பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். மண்டகப்படிக்காரர்கள் 60 பேருக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள். நோட்டீஸிலிருந்தே வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டேன். என் திரையில் அழகான தமிழ். சாயங்காலம் ஒரு தாத்தா போனை நீட்டி, "தம்பி, இது என்ன மந்திரம்? பேத்தியைப் படிக்கச் சொன்னேன், அதுக்கும் வரலை" என்றார்.

விஷயம் என்னவென்றால், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். போனில் அந்தச் சட்டை கிடையாது. அரசு அலுவலகங்களில் பழகிய வானவில் எழுத்துருவும் இதே ரகம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் நம் பக்கம் டிடிபி சென்டர்களில் பாமினி இன்னும் சாகவில்லை, பிளெக்ஸ் அடிக்க அதுதான் கை ஓடுகிறது.

சரிசெய்ய: என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிக்கொள்ளுங்கள். மாறிவிட்டதா என்று பார்க்க நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு.

வந்தது கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் அது வேறு. அனுப்பியது சரி, அந்தப் போனுக்குத் தமிழ் காட்டத் தெரியாது. பழைய பட்டன் போன்களில் இது சகஜம். அவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவதைத் தவிர வழியில்லை. "தண்ணி நாளை 6 மணி" என்பதை அப்படிப் படிக்க எல்லாருக்கும் பழகிவிட்டது.

கூகுள் மெசேஜஸை கம்ப்யூட்டரில் திறந்தால் க்யூஆர் கோடு வருகிறது, ஸ்கேன் செய்தால் சேருகிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகிறது.

மெசேஜ் போவது கம்ப்யூட்டரிலிருந்து இல்லை, உங்கள் போனிலிருந்து. கம்ப்யூட்டர் ஒரு நீளமான கீபோர்டு, அவ்வளவுதான். ஆகவே போன் அணையாமல், நெட்டோடு இருக்க வேண்டும். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னால் ஓடுகிற செயலியை மூடிவிடும். போன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் மெசேஜஸ் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று வையுங்கள், சார்ஜரிலும் போட்டுவிடுங்கள். வீட்டு கம்ப்யூட்டரிலும் கடை கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் ஒன்றுதான் வேலை செய்யும், இன்னொன்று ஒதுங்கிக்கொள்ளும்.

க்யூஆர் கோடே வராமல் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தால், கம்ப்யூட்டரின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் பழைய மதர்போர்டு செல் செத்திருக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய்விடும், எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. 2032 என்று எழுதிய வட்ட செல், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

பத்துப் பேரைச் சேர்த்து ஒரே மெசேஜ் போட்டால் யாருக்கும் போகவில்லை. தனித்தனியாகப் போட்டால் போகிறது.

அது எஸ்எம்எஸ்ஸாகப் போகவில்லை, எம்எம்எஸ்ஸாக, அதாவது படம் அனுப்புகிற வழியில், போகப் பார்க்கிறது. நம் ஊர் சிம்களில் எம்எம்எஸ் அமைப்பு பெரும்பாலும் சரியாக இருக்காது. மெசேஜஸ் செட்டிங்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய், குழு மெசேஜ் என்ற இடத்தில் "அனைவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பு, பதில் தனித்தனியாக வரட்டும்" என்ற பொருளில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டு வேலை. இதற்காகப் புது போன் வாங்கினவர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

விண்டோஸில் ஃபோன் லிங்க் போட்டிருக்கிறேன். மெசேஜ் படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை.

ஆண்ட்ராய்டு என்றால், போனில் இருக்கிற துணைச் செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன பேட்டரிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். ஐபோன் என்றால் அது புளூடூத் வழியாக வருவது. அதில் குழு மெசேஜையும் படத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய யுஎஸ்பி டாங்கிளில் சிம் போட்டு அனுப்பப் பார்க்கிறேன். சாஃப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

டாங்கிளைச் செருகினதும் தானாகத் திறக்கிற கம்பெனி ஜன்னலை முதலில் மூடுங்கள். அது காம் போர்ட்டை, அதாவது கம்ப்யூட்டர் டாங்கிளோடு பேசுகிற வழியை, பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் சாஃப்ட்வேருக்கு வழி கிடைக்காது. மூடினால் மட்டும் போதாது, கடிகாரம் பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஓடும், அங்கேயும் நிறுத்துங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் மோடமுக்கு எந்தக் காம் எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்து அதையே சாஃப்ட்வேரில் கொடுங்கள். வேறு ஓட்டையில் செருகினால் எண் மாறிவிடும். சிபியூவின் முன்பக்க ஓட்டை சிலவற்றில் மின்சாரம் போதாமல் டாங்கிள் அணைந்து அணைந்து எரியும். பின்பக்கம் செருகுங்கள்.

சிம்மில் பின் (PIN) நம்பர் பூட்டு இருந்தால் போனில் போட்டு எடுத்துவிடுங்கள். சர்வீஸ் சென்டர் நம்பர் (மேலே சொன்ன மெசேஜ் சென்டரின் நம்பர்) காலியாக இருந்தாலும் போகாது. சிக்னல் அளவை 0 முதல் 31 வரை எண்ணாகக் காட்டுவார்கள், 99 என்று வந்தால் அது அமோக சிக்னல் இல்லை, அளக்கவே முடியவில்லை என்று அர்த்தம்.

ஜியோ சிம்மைப் பழைய 3ஜி டாங்கிளில் போட்டுக் கஷ்டப்படாதீர்கள். ஜியோ 2016-இல் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது, அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை.

எக்ஸெலில் 200 நம்பர் வைத்திருக்கிறேன். பாதி "தவறான எண்" என்கிறது.

91 சேர்த்து 12 இலக்கமாக அடித்தால் எக்ஸெல் அதைப் பெரிய கணக்கு என்று நினைத்து, 9.19 என்று சுருக்கி ஓர் ஆங்கில எழுத்தும் 11-ம் போட்டுவிடும். அப்படியே சிஎஸ்வி (CSV) ஃபைலாகச் சேமித்துவிட்டால் மற்ற இலக்கங்கள் போயே போச்சு. நம்பர் அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டிய நம்பரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கடைசி இலக்கத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள், இலக்கம் அழியவில்லை என்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

"டெலிவர்டு" என்று வருகிறது, அவரோ வரவில்லை என்கிறார். யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வந்த மெசேஜை ஆண்ட்ராய்டு போன் ஸ்பாம் என்று ஒதுக்கியிருக்கும், அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். இதுவும் நிறைய நடக்கிறது.

"அனுப்பப்பட்டது" என்று மட்டும் காட்டினால் கதை வேறு. மெசேஜ் சென்டர் வரை போயிருக்கிறது, அவ்வளவுதான். அவர் போன் அணைந்திருந்தால் சென்டர் அதை வைத்துக்கொண்டு அவ்வப்போது தட்டிப்பார்க்கும். இந்த ஊர் கேட் போட்டதும் வண்டிகள் நிற்கிற மாதிரி நின்று, திறந்ததும் மொத்தமாக ஓடும். ஆனால் எப்போதும் நிற்காது, காலக்கெடு தாண்டினால் தூக்கிப் போட்டுவிடும். 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, டவரும் கரண்டும் இல்லாமல் கிடந்த ஊர்களுக்கு அனுப்பிய மெசேஜ்கள் இப்படித்தான் பல காணாமல் போயின. அப்புறம் பட்டன் போன் என்றால் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கும். மேலே ஓர் உறை படம் மின்னிக்கொண்டே இருந்தால் இடமில்லை என்று அர்த்தம், பழைய லோன் விளம்பரங்களை அழித்தால் புதியது உள்ளே வரும்.

சிலருக்கு மட்டும் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது.

அது எஸ்எம்எஸ்ஸே இல்லை, ஆர்சிஎஸ். நெட் வழியாகப் போவது. ஸ்மார்ட்போன் உடைந்து அதே சிம்மைப் பட்டன் போனில் போட்டவருக்கு அப்படி நிற்கும். அனுப்புகிற போனின் ஆர்சிஎஸ் அமைப்பில், போகாவிட்டால் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு என்பதை இயக்கிவிடுங்கள். வாய்க்கால் அறிவிப்புக்கென்றே ஒரு போன் வைத்திருந்தால் அதில் ஆர்சிஎஸ்ஸை அணைத்தே வைத்துவிடுவது என் வழக்கம்.

விதைக்கடை விளம்பரத்தை என் சொந்த நம்பரிலிருந்து 500 பேருக்கு அனுப்பலாமா?

வேண்டாம். உறவுக்காரருக்கும் சங்கத்து ஆளுக்கும் தகவல் சொல்வது வேறு. வியாபார மெசேஜ் என்றால் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018 விதிப்படி டிஎல்டி பதிவு வேண்டும், அதாவது வியாபார மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கான தளத்தில் பதிய வேண்டும். வாங்கினவர்கள் 1909-க்குப் புகார் கொடுத்தால் சிம்முக்கு ஆபத்து. 2025-இல் விதியை இன்னும் இறுக்கிவிட்டார்கள்: 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை உண்டு.

பதிவு செய்தால் உங்களுக்கு ஓர் ஆறெழுத்துப் பெயர் கிடைக்கும், அனுப்புகிற வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பிறகு பட்டனைத் தட்டியும் போகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது: பதிந்த வாசகத்தில் ஏதாவது திருத்தினீர்களா? "குறுவை" என்று பதிந்துவிட்டு "சம்பா" என்று மாற்றினாலே நிறுத்திவிடும். மாறக்கூடிய இடங்களை மாறும் இடம் என்று முதலிலேயே பதிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் மெசேஜில் வைக்கிற இணைய முகவரியையும் பதிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் நிற்கும்.

அந்த ஆறெழுத்துப் பெயருக்கு விவசாயிகள் "சரி" என்று பதில் போடுகிறார்கள். எனக்கு வரவில்லையே?

வராது. அது ஒருவழி. பதில் வேண்டுமென்றால் மெசேஜுக்குள்ளேயே உங்கள் 10 இலக்க நம்பரைப் போட்டு, கூப்பிடச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், சரியாகவில்லை. சென்டருக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

அனுப்புகிற போன், அதன் சார்ஜர், போகாத நம்பர் ஒன்று, போன நம்பர் ஒன்று, திரையில் வந்த பிழை வாசகத்தின் போட்டோ. "என்னவோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்றால் எனக்கும் ஒன்றும் புரியாது. ஓடிபி எதையும் என்னிடம் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். மன்னார்குடி பக்கமிருந்து வருகிறவர்கள் கேட் போட்டிருந்தால் ஒரு போன் அடித்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தாமல் இருப்பேன்.